எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டிய திரை

மாணவர்களே, அறிவியல் விழாவுக்காக உங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து நீர் வடிகட்டி ஒன்றைச் செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணலும் சரளைக்கல்லும் கரியும் வாங்க வேண்டும். ஆற்று நீர் மாதிரி எடுக்க வேண்டும். நீரின் கலங்கலை அளக்க வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். எதை யார் செய்வது, எந்த நாளுக்குள் முடிப்பது என்பதைப் புலனக் குழுவில் மட்டும் பேசிக்கொண்டால், இரண்டே நாளில் அது நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே இணையவழித் திட்ட மேலாண்மைக் கருவிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ரெட்மைன். ழான்-பிலிப் லாங் என்ற நிரலாளர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. கட்டணம் இல்லை; அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். உலாவியில் திறந்தால் பணிகள் ஓர் அட்டவணையாகத் தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் பணியின் பெயர், பொறுப்பாளர், முன்னுரிமை, நிலை, கெடு ஆகியவை இருக்கும்.

இதன் தோற்றத்தையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கைப்பேசியின் பின்னணிப் படத்தை மாற்றினால் அது உங்களுக்கு மட்டும்தான். ரெட்மைனில் நிர்வாகி தேர்ந்தெடுக்கும் தோற்றமோ, அதைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் பொருந்தும். ஆகவே ‘எனக்கு அழகாக இருக்கிறதா?’ என்று கேட்டால் போதாது. ‘குழுவில் எல்லோராலும் படிக்க முடிகிறதா?’ என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அறிவியல்தான் விடை சொல்கிறது.

உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு

ஒரே மாணவர் பள்ளிச் சீருடையில் வந்தாலும் தீபாவளிப் புத்தாடையில் வந்தாலும் அவர் அவரேதான். இணையப் பக்கமும் அப்படித்தான். பக்கத்தில் உள்ள தலைப்பு, அட்டவணை, பத்தி ஆகியவற்றை எச்டிஎம்எல் என்ற மொழி சொல்கிறது. அவை எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்வளவு இடைவெளியில் தெரிய வேண்டும் என்பதைச் சிஎஸ்எஸ் என்ற மொழி சொல்கிறது. நார்வே நாட்டவரான ஹோகோன் வியூம் லீ 1994ஆம் ஆண்டில் சிஎஸ்எஸ் மொழியை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதன் முதல் பதிப்பை வெளியிட்டது.

சிஎஸ்எஸ் விதி ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள் உண்டு. எதை மாற்றுவது, அதன் எந்தப் பண்பை மாற்றுவது, எந்த மதிப்புக்கு மாற்றுவது என்பவையே அவை. ‘கெடு கடந்த வரிசை – பின்னணி நிறம் – வெளிர் மஞ்சள்’ என்பதை ஒரு விதியாக நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் இதையே ஆங்கிலச் சொற்களாலும், நெளிவு அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி ஆகிய குறிகளாலும் எழுதுவோம். ஒரே பொருளுக்குச் சம வலிமையுள்ள இரண்டு விதிகள் வந்தால், பின்னால் வருவதே செல்லும். தோற்றத்தை மாற்றும் வேலை முழுவதும் இந்த ஒரு தத்துவத்தின்மேல்தான் நிற்கிறது.

ரெட்மைனுக்குப் புதிய உடை

ரெட்மைன் நிறுவப்பட்டிருக்கும் வழங்கிக் கணினியில் ‘தீம்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் உங்கள் தோற்றத்தின் பெயரில் புதிய கோப்புறை ஒன்றைத் திறக்க வேண்டும். அதனுள் நடைத்தாள்களுக்கான கோப்புறை. அதனுள் ஒரே ஒரு சிஎஸ்எஸ் கோப்பு. அந்தக் கோப்பின் முதல் வரியில், ரெட்மைனின் மூல நடைத்தாளை உள்ளே கொண்டுவரும் கட்டளை இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பக்கம் தன் பழைய ஒழுங்கை முழுவதும் இழந்து, வெறும் எழுத்தும் கோடுமாகக் காட்சி தரும். மூலத்தை வரவழைத்த பிறகு, மாற்ற விரும்பும் விதிகளை மட்டும் கீழே எழுதினால் போதும். பின்னால் வருவது செல்லும் என்பதால், மற்றவை பழையபடியே இருக்கும். இறுதியாக, நிர்வாகப் பக்கத்தின் காட்சி அமைப்பில் புதிய தோற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழங்கியில் கோப்புகளை மாற்றுவது பொறுப்பான வேலை. ஆகவே இதை உங்கள் ஆசிரியர் அல்லது கணினிப் பொறுப்பாளருடன் சேர்ந்தே செய்யுங்கள்.

ரெட்மைனில் இன்னொரு வசதியும் உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் தன்னைப் பற்றிய சில அடையாளப் பெயர்களைச் சுமந்து வருகிறது. முன்னுரிமை என்ன, நிலை என்ன, கெடு கடந்துவிட்டதா, என்னிடம் ஒப்படைக்கப்பட்டதா என்பவற்றையெல்லாம் அந்தப் பெயர்கள் சொல்லும். அவற்றைப் பிடித்துக்கொண்டு விதி எழுதலாம். ரெட்மைனோடு சேர்ந்தே வரும் ‘ஆல்டர்னேட்’ என்ற தோற்றம், முன்னுரிமைக்கு ஏற்ப வரிசைகளுக்கு வெவ்வேறு நிறம் தருகிறது.

இதைப் பார்த்ததும் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை ஒன்றுதான்: கெடு கடந்தவை சிவப்பு, முடிந்தவை பச்சை. சாலை விளக்கு நமக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

சிவப்பும் பச்சையும் ஒன்றாகும் கண்

படிவம் 3 அறிவியலில் கண்ணின் விழித்திரையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதில் மங்கிய ஒளிக்குக் கோல் செல்களும், நிறத்துக்குக் கூம்பு செல்களும் உள்ளன. கூம்பு செல்கள் மூன்று வகைப்படும். அவை ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. மூளை இந்த மூன்றையும் ஒப்பிட்டே நிறத்தை அறிகிறது. பின்னிரண்டு வகைகளில் ஒன்று இல்லாவிட்டாலும், இயல்பு மாறியிருந்தாலும் சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவற்றைப் பிரித்தறிவது கடினமாகிவிடும்.

இந்த இரு வகைக் கூம்புகளுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் குறை இருந்தால் ஈடுசெய்ய இன்னொன்று இல்லை. அதனால் வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கும் இந்தக் குறைபாடு காணப்படுகிறது. ஆசிய மக்களிடையே விகிதம் சற்றுக் குறைவு. ஆயினும் உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருக்கக்கூடும். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். பிறந்தது முதல் ஒரே விதமாகப் பார்ப்பவருக்கு, பிறர் வேறு விதமாகப் பார்க்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

அணுக்கொள்கை பாடத்தில் வரும் ஜான் டால்டனுக்கும் இந்தக் குறைபாடு இருந்தது. அதைப் பற்றி 1794ஆம் ஆண்டிலேயே அவர் ஓர் உரை நிகழ்த்தினார். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவருடைய கண்ணின் திசுவிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தவர்கள், பச்சை ஒளியை உணரும் கூம்புகள் அவருக்கு இல்லை என்று 1995ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தினர்.

இப்போது நம் வடிகட்டிக் குழுவுக்குத் திரும்புவோம். கலங்கலை அளக்கும் பணி, இந்தக் குறைபாடு உள்ள ஒரு மாணவருடையது. கெடு கடந்து வரிசை சிவப்பாகிவிட்டது. அவர் கண்ணுக்கோ, முடிந்த பணிகளின் பச்சையும் இதுவும் ஒரே மங்கல் பழுப்பு. முடிந்துவிட்டது என்று எண்ணிக் கடந்துவிடுகிறார். விழா நாளில் அளவீடு இல்லை. ‘பொறுப்பில்லாதவன்’ என்ற பழி அவர்மேல் விழுகிறது. உண்மையில் பழி, நிறத்தை மட்டும் நம்பி அமைத்த அந்தத் தோற்றத்துக்கே உரியது.

எண்ணால் சோதிப்போம்

கண்ணுக்குக் கண் வேறுபடும். ஆகவே சோதனைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை இருக்கும். இந்த மூன்று ஒளிகளையும் நம் கண் சமமாக உணர்வதில்லை. பச்சையே மிகவும் பிரகாசமாகத் தெரியும். எனவே ஒரு நிறத்தின் ஒளிர்வைக் கணக்கிடும்போது சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று எடை தருகிறார்கள். மூன்றையும் கூட்டினால் 1, அதுவே வெள்ளை. கறுப்புக்கு 0.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டு விகிதத்தைக் காண்பது எளிது. இரண்டின் ஒளிர்வோடும் தனித்தனியே 0.05ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வலைக் கூட்டமைப்பு 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளைப் பின்னணியில் முழுச் செறிவுள்ள நிறங்களில் எழுதினால் கிடைக்கும் விகிதங்கள் இதோ:

மஞ்சள்: 1.05 ÷ 0.9778 = 1.07
பச்சை: 1.05 ÷ 0.7652 = 1.37
சிவப்பு: 1.05 ÷ 0.2626 = 4.0
நீலம்: 1.05 ÷ 0.1222 = 8.6
கறுப்பு: 1.05 ÷ 0.05 = 21

பளிச்சென்று தெரிவதாக நாம் நினைக்கும் சிவப்புகூட 4.5ஐ எட்டவில்லை. மாறாக, மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து 19.6 தருகிறது. நம் நாட்டுச் சாலைகளில் எச்சரிக்கைப் பலகைகள் மஞ்சளும் கறுப்புமாக இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

0க்கும் 255க்கும் இடைப்பட்ட அளவுகளுக்கு, எடை போடும் முன் இன்னொரு திருத்தம் செய்ய வேண்டும். அதை இணையத்தில் உள்ள கணிப்பான்கள் செய்து தரும். அப்படிக் கணக்கிட்டால், சிவப்பு 220 மட்டும் உள்ள நிறத்துக்கும் பச்சை 128 மட்டும் உள்ள நிறத்துக்கும் ஒளிர்வு சுமார் 0.15தான். இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ 1.01. நிறம் என்ற தகவலை நீக்கிவிட்டால், இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வேறு எதுவும் மிஞ்சாது.

நிறத்துக்கு ஒரு துணை

அப்படியானால் நிறமே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது தனியாக வரக்கூடாது. துணையோடு வர வேண்டும். சாலை விளக்கையே பாருங்கள். சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் புரியாதவருக்கு இடம் சொல்லிவிடுகிறது. ரெட்மைனும் முடிந்த பணிக்கான இணைப்பைச் சாம்பல் நிறமாக்குவதோடு நிற்காமல், அதன் குறுக்கே ஒரு கோட்டையும் போட்டுவிடுகிறது.

நம் தோற்றத்திலும் மூன்று மாற்றங்களைச் செய்யலாம். முதலாவது, கெடு கடந்த வரிசையில் பணியின் பெயருக்கு முன் ‘கெடு கடந்தது’ என்ற சொற்களைச் சிஎஸ்எஸ் விதியாலேயே சேர்த்துவிடலாம். இரண்டாவது, அவ்வரிசையின் இடப்பக்கத்தில் தடித்த கோடு ஒன்றைப் போட்டு, எழுத்தையும் தடிமனாக்கலாம். மூன்றாவது, சிவப்பு–பச்சை இணைக்குப் பதில் நீலம்–ஆரஞ்சு இணையைப் பயன்படுத்தலாம். சிவப்பு–பச்சைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் எளிதில் பிரித்தறிவர்.

உங்கள் குழு டிரெல்லோவைப் பயன்படுத்தினால், அதில் நிறக்குறைபாட்டுக்கான தனி அமைப்பே உண்டு. அதை இயக்கினால் நிறச் சீட்டு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கோலம் தோன்றும். அட்டைகளை நிறத்தால் மட்டுமின்றி, கோட்டாலும் புள்ளியாலும் அடையாளம் காணலாம். சீட்டுகளுக்குப் பெயரும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

செய்து பாருங்கள்

1. கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தில் வலச்சொடுக்கி ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் சிஎஸ்எஸ் விதிகள் ஓரத்தில் தெரியும். ஒரு நிறத்தின் மதிப்பை மாற்றிப் பாருங்கள். மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான். பக்கத்தைப் புதுப்பித்தால் மறைந்துவிடும். ஆகவே பயமின்றிச் சோதிக்கலாம்.

2. உங்கள் குழுவின் திட்டப் பலகையைத் திரைப்பிடிப்பு எடுத்து, கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றுங்கள். எது அவசரம், எது முடிந்தது என்று இப்போதும் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், எங்கே சொல்லோ குறியோ தேவை என்று பட்டியலிடுங்கள்.

3. நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தின் வேறுபாட்டு விகிதம் என்ன? மேலே உள்ள எடைகளைக் கொண்டு கணக்கிடுங்கள். (விடை: 0.9778 ÷ 0.1222 = 8.0)

4. நிறக்குறைபாட்டு மரபணுவை ஒரே ஓர் எக்ஸில் சுமக்கும் தாய்க்கும், இயல்பான பார்வையுள்ள தந்தைக்கும் பிறக்கும் மகனுக்கு அக்குறைபாடு வரும் நிகழ்தகவு என்ன? (விடை: ½)

இவற்றை முடித்த பிறகு உங்கள் குழுவினரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தத் திரையில் உங்களுக்குப் படிக்கச் சிரமமாக இருப்பது எது?’ நிறம் என்று ஒருவர் சொல்லலாம்; எழுத்து சிறியது என்று இன்னொருவர் சொல்லலாம். விடை எதுவானாலும், அதைத் திருத்த ஒன்றிரண்டு விதிகளே போதும்.