37 ஆவது எங்கே? – தொகுத்தல் கற்றுத்தரும் பாடம்

ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இலைத் தொகுப்புச் செயல்திட்டம் கொடுப்பது என் வழக்கம். இருபது இலைகள், இருபது பெயர்கள், இருபது மதிப்பெண்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி மூன்று இலைகளின் கீழ், "பெயர் தெரியவில்லை. ஏரிக்கரையில் எடுத்தேன்" என்று எழுதியிருந்தாள். மூன்று மதிப்பெண்களைக் குறைத்தேன். அடுத்த ஏட்டில் எல்லா இலைக்கும் பெயர் இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பெயர்களில் எத்தனை சரி என்று நான் பார்க்கவில்லை.

நான் செய்தது தவறு என்று எனக்கு உணர்த்தியது, இலைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இசைத் தொகுப்பு.

மேற்கத்திய இசை கேட்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. மொசார்ட்டின் சிம்பொனிகள் அடங்கிய குறுந்தகட்டுப் பெட்டி ஒன்றைப் பழைய கடையில் வாங்கினேன். கடைசி சிம்பொனியின் எண் 41. வரிசையாகக் கேட்டு வந்தபோது 36க்கு அடுத்து 38 வந்தது. திரும்பிப் பார்த்தால் 2, 3 ஆகியவையும் இல்லை. தகடுகள் தொலைந்த பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். தேடிப் படித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பெட்டியில் குறை இல்லை. அந்த எண்களில்தான் சிக்கல்.

37 ஆவது என்று அச்சான சிம்பொனியை எழுதியவர் மைக்கேல் ஹைடன். அதன் தொடக்கத்தில் வரும் மெதுவான முன்னுரைப் பகுதி மட்டுமே மொசார்ட்டுடையது. இது 1907இல்தான் தெளிவானது. 2 ஆவதை அவருடைய தந்தை லியோபோல்ட் எழுதியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். 3 ஆவதன் கதை நம் வகுப்பறைக்கு மிக நெருக்கமானது. லண்டனில் தங்கியிருந்த சிறுவன் மொசார்ட், கார்ல் ஃபிரெடரிக் ஆபெல் என்பவரின் சிம்பொனியைப் பயிற்சிக்காகப் பார்த்து எழுதினான். கையெழுத்து மொசார்ட்டுடையது என்பதால் படைப்பும் அவருடையது என்று பின்னால் வந்தவர்கள் எண்ணிவிட்டார்கள். வீட்டுப்பாட ஏடுகளைத் திருத்தும் நமக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

பட்டியலிட்ட ஆசிரியர்

மொசார்ட் 1756இல் சால்ஸ்பர்க்கில் பிறந்து, 1791இல் 35 வயதில் வியன்னாவில் இறந்தார். 1784 பிப்ரவரி முதல் தம் படைப்புகளை அவரே ஒரு ஏட்டில் குறித்து வந்தார். தேதி, இசைக்கருவிகள், தொடக்க சுரங்கள் எல்லாம் அதில் உண்டு. அதற்கு முந்தைய படைப்புகளுக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான்.

அதை ஒழுங்குபடுத்தியவர் லுட்விக் ஃபான் கோகெல் என்ற ஆஸ்திரியர். அவர் இசைக் கலைஞர் அல்லர். சட்டம் படித்தவர், அரச குடும்பத்துப் பிள்ளைகள் நால்வருக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர், தாவரங்களையும் கனிமங்களையும் சேகரித்து வகைப்படுத்தியவர். அதே பழக்கத்தை இசையிலும் காட்டினார். 1862இல் வெளியான அவருடைய பட்டியலில் மொசார்ட்டின் படைப்புகள் காலவரிசையில் 1 முதல் 626 வரை எண் பெற்றன. ஒவ்வொன்றின் தொடக்க சுரங்களையும், மூலப்படி யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்தார்.

என்னை நிறுத்தியது அந்நூலின் பின்னிணைப்பு. தொலைந்தவை, முடிவுறாதவை, ஐயத்துக்குரியவை, பொய்யாக அவர் பெயரில் வழங்குபவை ஆகியவற்றை அங்கே தனித்தனியாக வைத்திருந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பட்டியலில் இடம் ஒதுக்கினார். அப்படியும் மேலே சொன்ன 3, 37 ஆகிய சிம்பொனிகள் அவருடைய முதன்மை வரிசையிலேயே சேர்ந்துவிட்டன. ஆனால் எதை வைத்து முடிவு செய்தார் என்று எழுதி வைத்ததால், பின்னால் வந்தவர்களால் திருத்த முடிந்தது.

முழுமை என்பது

இந்தப் பட்டியல் இல்லாமல் இன்றைய முழு ஒலிப்பதிவுத் தொகுப்புகள் இல்லை. மொசார்ட்டின் 200 ஆவது நினைவாண்டையொட்டி பிலிப்ஸ் நிறுவனம் 180 குறுந்தகடுகளில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 2016இல் 200 குறுந்தகடுகளில் இன்னொன்று வந்தது. நாளுக்கு ஒரு தகடு கேட்டால் ஏறத்தாழ ஒரு கல்வியாண்டின் வேலை நாட்கள் ஆகும்!

அதுவும் முடிவல்ல. 2024இல் கோகெல் பட்டியலின் புதிய பதிப்பு வந்தது. அதற்கான பணியின்போது லைப்சிக் நகர நூலகத்தில் சிறு வயது மொசார்ட்டின் படைப்பு ஒன்று கிடைத்தது. ஏழு பகுதிகள் கொண்ட அதற்கு 648 என்று எண் கொடுத்தார்கள். கிடைத்த படி அவர் கையெழுத்தில் இல்லை. ஆனாலும் படைப்பு அவருடையது. 3 ஆவது சிம்பொனிக்கு நேர் எதிர்!

வகுப்பறைக்கு

இப்போது என் செயல்திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

1. ஒவ்வொரு இலைக்கும் எண், நாள், எடுத்த இடம் எழுத வேண்டும்.
2. பெயர் எழுதினால், "எப்படித் தெரியும்?" என்பதையும் எழுத வேண்டும். பாட்டி சொன்னார், பாடநூலில் பார்த்தேன் – எதுவானாலும் சரி.
3. ஏட்டின் கடைசி இரு பக்கங்கள் ஐயத்துக்குரியவற்றுக்கு. அங்கே ஒட்டும் இலைக்கும் முழு மதிப்பெண் உண்டு.
4. ஐயம் தீர்ந்தால் பழையதை அழிக்காமல், பக்கத்தில் புதிய பெயரையும் நாளையும் எழுத வேண்டும்.

முதல் ஆண்டிலேயே மாற்றம் தெரிந்தது. ஏடுகளில் பெயர்கள் குறைந்தன, கேள்விகள் கூடின. பாதிக் கேள்விகளுக்கு எனக்கும் விடை தெரியவில்லை. மாணவர்களோடு சேர்ந்து தேடினேன்.

அந்த மாணவி அப்போது எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அழைத்து, நான் மதிப்பெண் குறைத்தது தவறு என்றேன். "பரவாயில்லை சார்" என்றாள். அந்த மூன்று மதிப்பெண்களைத் திருப்பித் தர வழியில்லை. ஆனால் அன்று அவள் தானாகச் செய்ததுதான் இன்று எங்கள் வகுப்பின் விதி.