கணினியும் ஓர் அமானிதமே

சென்ற ஆண்டு கல்வி உதவி விண்ணப்பங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனோம். திறந்தால் ஒன்றும் இல்லை. நாங்கள் நகலெடுத்தது ஃபோல்டரை அல்ல, டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை. அடுத்த கூட்டம் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று கற்றதை, கடையிலும் வீட்டிலும் கணினி வைத்திருக்கும் சகோதர சகோதரிகளுக்குச் சொல்கிறோம்.

1. தேதி, நேரம் சரிபாருங்கள், பாஸ்வேர்டு வையுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

2. டாக்குமெண்ட்ஸில் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதனுள் கல்வி, மருத்துவம், கணக்கு எனப் பிரியுங்கள். கோப்பின் பெயரை 2025-06-14 என்று ஆண்டு, மாதம், நாளாகத் தொடங்கினால் தேதி வரிசையில் நிற்கும்.

3. ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, சென்ட் டூ, டெஸ்க்டாப் என்று கொடுத்தால் ஷார்ட்கட் வரும். மூலையில் சிறு அம்புக்குறி தெரியும். அது வழிகாட்டிப் பலகை மட்டுமே. அதை அழித்தால் கோப்பு போகாது. அதை நகலெடுத்தால் கோப்பு வராது. அசல் ஃபோல்டரையே நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

நம்மை நம்பித் தந்த காகிதங்கள் கணினிக்குள் போனாலும் அமானிதம்தான்.