கூட்டல், கழித்தல், குறை எண்கள்: புதிய கணித ஆசிரியருக்கு

ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அல்லது தனியார் பள்ளி ஒன்றில் டெமோ வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்களா? முழுக்கள் பாடம் சீக்கிரமே உங்கள் கைக்கு வரும். பார்க்கச் சின்னப் பாடம்தான். ஆனால் இதில் தடுமாறும் பிள்ளை அடுத்த வருடங்களில் அடைப்புக்குறியை நீக்கும்போது தடுமாறும், பத்தாம் வகுப்பில் சாய்வு காணும்போது குறியை மாற்றிப் போட்டு மதிப்பெண்ணை இழக்கும். அப்போது அந்த ஆசிரியர் "கவனம் இல்லை" என்பார். குறை கவனத்தில் இல்லை, இந்தப் பாடம் நடந்த விதத்தில் இருக்கிறது.

ஆகவே முதல் வேண்டுகோள்: கூட்டல் கழித்தல் முடியும்வரை "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற வாசகம் உங்கள் வாயில் வரக்கூடாது.

பாடம் தொடங்கும் முன் நான்கே கணக்குகளைக் கரும்பலகையில் எழுதி, தனித்தாளில் விடை வாங்குங்கள்: 3 − 5, −3 + 5, −3 − 5, −3 − (−5). மதிப்பெண் போட வேண்டாம், தவறுகளை மட்டும் வகை பிரியுங்கள். 3 − 5க்கு 2 என்று எழுதிய பிள்ளை, "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று கீழ்வகுப்பில் கேட்டதை இன்னும் நம்புகிறது. எண்களைத் தானே இடம் மாற்றிக்கொண்டது. −3 − 5க்கு 8 என்று எழுதிய பிள்ளைக்கு டியூஷனிலோ வீட்டிலோ யாரோ அந்த மைனஸ் வாசகத்தை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதே கணக்குக்கு −2 என்று வந்தால், "குறி வேறுபட்டால் கழி, பெரியதன் குறியைப் போடு" என்ற விதி தவறான இடத்தில் வேலை செய்திருக்கிறது. மூன்றும் வெவ்வேறு நோய். எல்லோருக்கும் ஒரே விதியைத் திரும்பச் சொல்வது எதையும் தீர்க்காது.

இனி கருவி. பல ஊர்களில் தாயம் விளையாட, புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்ப்பார்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கருப்பு. வெளிநாட்டுக் கணிதப் பெட்டிகளில் விலைகொடுத்து வாங்கும் இருநிற வில்லைகள் செய்கிற வேலையை இது காசில்லாமல் செய்யும். இருவருக்கு இருபது கொட்டை போதும். வெள்ளை என்றால் +1, கருப்பு என்றால் −1. ஒரு வெள்ளையும் ஒரு கருப்பும் சேர்ந்தால் பூச்சியம். அந்த ஜோடியை மேசையில் வைத்தாலும் எடுத்தாலும் மதிப்பு மாறாது. இந்த ஒரு வாக்கியத்துக்காக அரை பீரியட் செலவானாலும் தகும். மூன்று வெள்ளை, மூன்று கருப்பு வைத்து "இது எவ்வளவு?" என்று கேளுங்கள். "ஆறு" என்ற பதில் வருவது நிற்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கூட்டல் இதில் தானாக வரும். 3 + (−5) என்றால் மூன்று வெள்ளை, ஐந்து கருப்பு. மூன்று ஜோடி போனால் இரண்டு கருப்பு மிஞ்சும், −2. குறி விதி எதுவும் தேவையில்லை.

கழித்தல்தான் பாடத்தின் உயிர், அங்கே நிதானமாகப் போங்கள். −5 − (−3) இல் தொடங்குங்கள். ஐந்து கருப்பில் மூன்று கருப்பை எடுத்தால் இரண்டு கருப்பு, −2. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும். பிறகு 2 − (−3). மேசையில் இரண்டு வெள்ளை மட்டும். மூன்று கருப்பை எடுக்கச் சொல்கிறீர்கள், ஆனால் கருப்பே இல்லை. இங்கே வாயைத் திறக்காமல் நில்லுங்கள். வகுப்பு கொஞ்ச நேரம் குழம்பும், யாராவது ஒரு பிள்ளை "சார், ஜோடி ஜோடியா வெச்சுக்கலாமா?" என்று கேட்கும். யாரும் கேட்காவிட்டால், "மதிப்பு மாறாமல் மேசைக்குக் கருப்பு வர வழி உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று ஜோடி வைத்தால் ஐந்து வெள்ளை, மூன்று கருப்பு. மூன்று கருப்பையும் எடுத்துவிட்டால் ஐந்து வெள்ளை. குறை எண்ணைக் கழித்தால் விடை ஏன் கூடுகிறது என்பதைப் பிள்ளை தன் கையால் செய்து பார்த்துவிட்டது.

அடுத்து −3 − 5. மூன்று கருப்பு இருக்கிறது, எடுக்க வேண்டியது ஐந்து வெள்ளை. ஐந்து ஜோடி வைத்து ஐந்து வெள்ளையை எடுத்தால் எட்டு கருப்பு. மிகை எட்டு என்று எழுதிய பிள்ளையை இதை மேசையில் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் திருத்தவே வேண்டியிருக்காது.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு கணக்கு ஆனபின் இரண்டு பத்தி போடுங்கள்: இடப்பக்கம் 2 − (−3) = 5, வலப்பக்கம் 2 + 3 = 5; இடப்பக்கம் −3 − 5 = −8, வலப்பக்கம் −3 + (−5) = −8. என்ன தெரிகிறது என்று கேளுங்கள். "கழிக்க வேண்டிய எண்ணின் கூட்டல் நேர்மாறைக் கூட்டு" என்ற விதியை அவர்கள் தங்கள் வார்த்தையில் சொல்வார்கள். அதை அப்படியே நோட்டில் எழுதவிட்டு, புத்தகச் சொல்லைப் பிறகு சேருங்கள்.

பேச்சில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒரே கோடு எண்ணின் குறியாகவும் செயலின் குறியாகவும் வருவதுதான் பாதிக் குழப்பம். −3 − (−5) என்பதைக் "குறை மூன்று, கழித்தல் குறை ஐந்து" என்று படியுங்கள், பிள்ளைகளையும் படிக்க வையுங்கள். அறிவியல் கால்குலேட்டர் இருந்தால் காட்டுங்கள்: குறை எண்ணுக்கு ஒரு பொத்தான், கழித்தலுக்கு வேறு பொத்தான்.

எண்கோட்டை விட்டுவிட வேண்டாம், ஆனால் முதலில் செங்குத்தாக வரையுங்கள். மேலே போனால் கூடும், கீழே போனால் குறையும் என்பது வெப்பமானியிலும் லிஃப்டிலும் பழகியதே. கழித்தலின் இன்னொரு முகமான வித்தியாசத்தை இங்கேதான் காட்ட முடியும். லே நகரில் காலையில் −8 டிகிரி, மதியம் 3 டிகிரி என்றால் ஏற்றம் எவ்வளவு? 3 − (−8). கோட்டில் எண்ணினால் பதினொன்று. பெரியது சிறியது பார்க்க ஐபிஎல் பட்டியல் கைகொடுக்கும்: புள்ளிகள் சமமாக இருக்கும்போது நிகர ரன்ரேட் −0.9 உள்ள அணிக்கு மேலே −0.3 உள்ள அணி ஏன் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே உங்களுக்கு விளக்குவார்கள். நீட் தேர்வின் +4, −1 முறையில் வகுப்பில் ஒரு வினாடி வினா வையுங்கள். சரியான விடைக்குத் தவறுதலாக −1 போட்டுவிட்டால், அந்த −1ஐ எடுத்ததுமே மதிப்பெண் ஒன்று கூடும். பிறகுதான் அதற்குரிய 4 சேரும்.

கடன் உதாரணம் மிகப் பழையது. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் செல்வம், கடன் என்ற பெயரில்தான் மிகை, குறை எண்களின் விதிகளைச் சொன்னார். உதாரணம் நல்லதுதான், ஆனால் "உங்க வீட்ல எவ்வளவு கடன்?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். கடன்காரர் வந்து நின்ற வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

பிள்ளைகள் தயங்கினால் மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். பிரம்மகுப்தருக்கு 1,100 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1758இல், பிரான்சிஸ் மாசெரஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் குறை எண்களை ஏற்க மறுத்து ஒரு புத்தகமே எழுதினார்.

இனி வேலை சார்ந்த சில. டெமோ வகுப்பில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்; முழுப் பாடத்தையும் ஓட்டாதீர்கள். 2 − (−3) என்ற ஒரே கணக்கை எடுத்து, கொட்டையோடு போய், இரண்டு பிள்ளைகளை மேசைக்கு அழைத்துச் செய்ய வையுங்கள். பின்வரிசையில் இருக்கும் முதல்வரும் மூத்த ஆசிரியரும் பார்ப்பது உங்கள் வேகத்தை மட்டுமல்ல. ஒரு தவறான விடை வந்ததும் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதையும்தான்.

வேலையில் சேர்ந்தபின் "போர்ஷன் ஏன் தள்ளுது?" என்ற கேள்வி வரும். பாடக்குறிப்பில் எந்தப் பீரியடில் எது என்று முன்பே எழுதி, தலைமையாசிரியரிடம் அந்த நான்கு கணக்குத் தாள்களைக் காட்டுங்கள். பாடம் முடிந்ததும் அதே வகைக் கணக்குகளை மறுபடி கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நோட்டுத் திருத்தும்போது சிவப்பில் பெருக்கல் குறி போடுவதைவிட, "கொட்டை வைத்துப் பார்" என்று ஓரத்தில் எழுதுவது பலன் தரும். பெற்றோர் வந்து, "டியூஷன்ல ஒரே நாள்ல முடிச்சிட்டாங்களே, மிஸ்" என்றால், பிள்ளையையே அழைத்து −3 − 5 ஏன் −8 என்று அவர் முன் விளக்கச் சொல்லுங்கள்.

அந்த மைனஸ் வாசகத்துக்கு உரிய இடம் பெருக்கல். பெருக்கல் தொடங்கும் வாரத்தில்தான் பழைய பாடம் குலையும். அதுவரை சரியாகச் செய்த பிள்ளையும் −2 − 3 என்பதைப் பார்த்து 5 என்று எழுதும். அதனால் அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் கலப்புக் கணக்கு கொடுங்கள்: −2 − 3, (−2) × (−3), −2 − (−3), (−2) × 3. விடை எழுதும் முன் ஒவ்வொன்றிலும் எது எண்ணின் குறி, எது செயல் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.