ஸ்டியரிங் உதறினால் எங்கே பார்க்க வேண்டும்?

காய்கறி ஏற்றிப் போகிற பிக்கப் வண்டி, 50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையை உதறித் தள்ளுகிற மாதிரி ஆடுதா? ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குதா? இதை வீல் பேலன்ஸ் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. பேலன்ஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிரும். வேகம் மாறினால் குறைந்துவிடும். பள்ளத்தில் கிளம்பித் தானாக வளர்கிற ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் முன்பக்க மூட்டுகளின் தேய்மானம்.

முழு ஆக்சில் வண்டிகளில் இது அதிகம். இரண்டு சக்கரத்தையும் டை ராட் சேர்த்துப் பிடித்திருக்கு. ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பும். மூட்டு இறுக்கமாக இருந்தால் அசைவு அங்கேயே அடங்கும். 'பிளே' இருந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பெருகும்.

ஓடும்போது வந்தால் சடன் பிரேக் போடாதீங்க. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, மெதுவாக வேகம் குறைத்து ஓரம் கட்டுங்க.

பிறகு செலவில்லாததிலிருந்து வரிசையாகப் பாருங்க.

1. டயரில் காற்று, புடைப்பு, ஒருபக்கத் தேய்மானம், வீல் நட்டு. ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய வயல் சேற்றையும் சுரண்டி எடுங்க.

2. சக்கரம் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்க, இன்னொருவர் கீழே பார்க்கணும். டை ராட் எண்ட், டிராக் லிங்க், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டு எங்கேயாவது அசைவு வீணாகுதா?

3. பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டு கொடுங்க. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்றால் வீல் பேரிங்; நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட்.

4. ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட்டு, ஷேக்கிள் புஷ்.

தேய்ந்ததை மாற்றி, புது ஸ்பிளிட் பின் போட்டு, கடைசியாக அலைன்மெண்ட் பார்க்கணும். மூட்டில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மெண்ட் செய்தால் நிற்காது. சில வண்டிகளில் ஸ்டியரிங் டேம்பர் இருக்கும். அதை மட்டும் மாற்றுவது, அசலைத் தொடாமல் வட்டி கட்டுவது மாதிரி. கொஞ்ச நாளில் ஆட்டம் திரும்ப வரும்.

பின்பக்கம் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் முன்சக்கரப் பிடிப்பு குறைந்து ஆட்டம் கூடும். கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளுக்கு, குறிப்பாகச் சேற்றில் இறங்கி வந்த பிறகு, கிரீஸ் அடியுங்க. தேய்ந்த மூட்டு கழன்றால் சக்கரம் நம் சொல் கேட்காது. சரிசெய்யும்வரை வண்டி நிற்கட்டும். ஒருநாள் சந்தை போனாலும் பரவாயில்லை.