படகை லாரியில் ஏற்றிச் செல்லும் முறை

மிதக்கும் படகின் நனைந்த அடிப்பரப்பு முழுவதையும் நீரே தாங்கி நிற்கிறது. லாரியில் ஏற்றியவுடன் அதே எடை சில இடங்களில் மட்டும் குவிகிறது. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் அவ்விடங்களைத் தாக்குகிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் முதலிய உள்நாட்டுப் பகுதிகளுக்குச் சென்று மக்களை மீட்டனர். அத்தகைய வேளையில், வழியிலேயே விரிசல் கண்ட படகு எவருக்கும் பயன்படாது.

எடை குறைத்தல்: படகினுள் தேங்கிய நீரை முதலில் இறைத்துவிட வேண்டும். 100 லிட்டர் நீரின் எடை 100 கிலோகிராம் என்பதை மறத்தலாகாது. வெளிப்புற இயந்திரத்தைக் கழற்றித் தனியே கட்டுக. எரிபொருள் கலங்கள், வலை, நங்கூரம் ஆகியவற்றையும் அகற்றுக. வடிகால் துளையின் அடைப்பானைத் திறந்து வைத்தால் மழைநீர் தேங்காது. அடைப்பான் தொலையாதவாறு அதனைப் படகிலேயே கட்டி வைக்கவும்.

தாங்கு அமைத்தல்: படகின் எடை ஏரா எனப்படும் அடிக்கட்டையின்மீதே அமைதல் வேண்டும். வங்குகள், அதாவது விலாச்சட்டங்கள், உள்ள இடங்களுக்கு நேர்கீழே தாங்குகட்டைகளை வைக்கவும். இரு வங்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய பரப்பின்கீழ் வைத்தலாகாது. பழைய டயர்களும் மணல் மூட்டைகளும் அதிர்வைக் குறைக்கும். பக்கத் தாங்குகள் படகு சாயாமல் காப்பதற்கே உரியன; எடையைச் சுமப்பதற்கு அல்ல.

கட்டுதல்: முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு கயிறுகளையேனும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துக் கட்டுக. கயிறு விளிம்பில் உராயும் இடங்களில் சாக்கு வைக்கவும். அளவுக்கு மீறி இறுக்கினால் படகின் பக்கங்கள் உள்வாங்கும். நைலான் கயிறு நனைந்தால் நெகிழ்வதால், புறப்பட்ட சிறிது தொலைவிலேயே வண்டியை நிறுத்திக் கட்டுகளைச் சரிபார்த்தல் நன்று.

புறப்படுமுன்: தரையிலிருந்து படகின் உச்சி வரை உள்ள உயரத்தை அளந்து, வழியிலுள்ள பாலங்களின் உயரத்துடன் ஒப்பிடுக, மின்கம்பிகள் தாழ்ந்து தொங்கும் வழிகளைத் தவிர்க்கவும். இறக்குமிடத்தில், படகு நீரைத் தொடுமுன் அடைப்பானைத் திரும்பப் பொருத்துதல் இன்றியமையாதது.

ஆசிரியர்களுக்கு: மெல்லிய பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பிக் கட்டி, நீர்த்தொட்டியில் விடுக, அது தன் வடிவம் குலையாதிருக்கும். பின்னர் அதனை இரு பென்சில்களின்மீது வைத்தால் நடுவே தொய்ந்து தொங்கும். நீரின் தாங்குதலுக்கும் நிலத்தின் தாங்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் இதனால் எளிதில் உணர்வர்.