சிக்கனமும் சிறு தோட்டமும்

(மனையியல் பிரிவு மாணவியர்)

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அது இல்லாதவர்கள் படும் பாடு என்று எண்ணுகிறோம். பணம் இருப்பவருக்கு அது தேவையில்லை என்றும் நினைக்கிறோம். இவ்விரண்டும் தவறு. தேவையான இடத்தில் தயங்காமல் செலவிடுவதற்காகத் தேவையற்ற இடத்தில் கையை மூடிக்கொள்வதே சிக்கனம். தேவையான இடத்திலும் கையை மூடிக்கொள்வது கஞ்சத்தனம். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு, வீட்டிலும் கொல்லையிலும் நாம் நாள்தோறும் கடைப்பிடிக்கக்கூடிய சில வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

நமது ஊரும் நமது வருவாயும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம்மில் பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1964-ஆம் ஆண்டு தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியில் உள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டு வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளாகி, நம் பெற்றோர் அவற்றில் கடன் வாங்கி வீடு கட்டினார்கள். மாதச் சம்பளத்தில் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து எல்லாம் அடங்க வேண்டும். ஓவர்டைம் நின்றாலே வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததன்று.

இரண்டு ஆண்டுகளை நாம் மறக்க முடியாது. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்றன. அடுத்த ஆண்டு 2020 மே மாதத்தில், நோய்ப் பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த விற்பனை பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேட்டில் மீண்டும் காய்கறி விற்பனை தொடங்கியது. தண்ணீரும் காய்கறியும் எப்போதும் தாமாகவே வீடு தேடி வரும் என்ற எண்ணத்தை இவ்விரு நிகழ்ச்சிகளும் கலைத்துவிட்டன. கொல்லையில் ஒரு முருங்கையும் நான்கு கீரைப் பாத்தியும் வைத்திருந்தவர்கள் அந்நாட்களில் தங்களுக்கும் பறித்து, அண்டை வீட்டாருக்கும் கொடுத்தார்கள்.

முதற்படி: கணக்கு

சிக்கனம் கணக்கேட்டில் தொடங்குகிறது. பழைய நோட்டுப் புத்தகங்களில் எஞ்சிய வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு கணக்கேடு கிடைத்துவிடும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒரு மாதம் மட்டும் விடாமல் எழுதிப் பார்க்க வேண்டும். மாத முடிவில் செலவுகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தவிர்க்க முடியாதவை, தள்ளிப்போடக் கூடியவை, வேண்டாதவை. அரிசி, பால், மருந்து, கட்டணம் ஆகியவை முதல் வகை. திருவிழாவிற்கு எடுக்கும் புதுத்துணி இரண்டாம் வகை. மழைக்கு ஒதுங்கிய கடையில் வாங்கிய தின்பண்டம் மூன்றாம் வகை. பெரும் செலவுகளை நாம் யோசித்தே செய்கிறோம். ஐந்தும் பத்துமாய்ப் போவதுதான் நமக்குத் தெரியாமல் போகிறது.

சமையலறையில்

பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊறவைத்தால் விரைவில் வேகும். பாத்திரத்தை மூடிச் சமைப்பதும், கொதி வந்தபின் தீயைக் குறைப்பதும் எரிவாயுவை மிச்சப்படுத்தும். கொதிக்கும் தண்ணீர் பெருந்தீயில் வைத்தாலும் அதற்குமேல் சூடேறுவதில்லை, ஆவியாவதுதான் மிகுதியாகிறது. புதிய சிலிண்டர் மாட்டிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். 30 நாள் வரும் சிலிண்டரை 36 நாள் வரச் செய்தால், ஆண்டுக்கு 12 சிலிண்டருக்குப் பதில் 10 போதும்.

காய்களின் தோலும் தண்டும் குப்பையல்ல. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். கீரைத்தண்டு சாம்பாருக்கு ஆகும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது. அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு. மீன் கழுவிய நீரும் அப்படியே. பல்லாயிரம் பேர் உண்ட பின்பும், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி நம் ஆண்டவர் சீடரிடம் சொன்னதை நற்செய்தியில் படிக்கிறோம். அன்று பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பத்தைப் பலுகச் செய்தவரே துண்டுகளை எண்ணினார் என்றால், நாம் எண்ணாதிருக்கலாமா?

தண்ணீர்

ஒழுகும் குழாயைப் பற்றி ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டர் 320 மில்லிலிட்டர். மாதத்திற்கு ஏறத்தாழ 130 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடத்தில் எட்டுக் குடத்திற்கு மேல்! அதைத் தடுக்க வேண்டியது ஒரு சிறு வாஷர் மட்டுமே.

மழைக் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. சென்னையின் ஆண்டு மழையளவு சராசரியாக ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. 600 சதுர அடி மாடியில் ஓராண்டில் விழும் மழைநீர் ஏறத்தாழ 78,000 லிட்டர். இது 12,000 லிட்டர் லாரி ஆறுக்கும் மேல். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது பல வீடுகளில் குழாய்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் எத்தனை குழாய்கள் இன்று இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன! புரட்டாசி மாதத்தில் மாடியைப் பெருக்கி, குழாய்வாயைச் சுத்தம் செய்து, வடிகட்டும் தொட்டியிலுள்ள சரளைக் கல்லைக் கழுவிப் போட்டால், ஐப்பசி மழை நம் கிணற்றுக்கு வரும்.

சிறு தோட்டம்

தோட்டம் போட ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. இங்கிலாந்து நாட்டில் நகர மக்களுக்குக் குறைந்த வாடகையில் சிறு காய்கறி நிலங்களை நகராட்சிகளே வழங்குகின்றன. அதற்கான சட்டம் 1908-ஆம் ஆண்டிலேயே வந்தது. நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் தம் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிரிட்டு வழிகாட்டினார். தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை 2013-14-ஆம் ஆண்டு முதல் மாடித் தோட்டத்திற்கான பொருள்களை மானிய விலையில் வழங்கி ஊக்குவித்தது.

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். முதன்முறை நாங்கள் ஆர்வ மிகுதியால் சித்திரை மாதத்தில் பள்ளியின் பின்புறம் தக்காளி நட்டோம். செடி வளர்ந்தது, பூவும் பூத்தது; வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்தது. மக்காத காய்கறிக் கழிவை வேரருகே கொட்டினோம். எறும்பு வந்தது, செடி வாடியது. தோட்டக்காரத் தாத்தா பார்த்துவிட்டு, "பட்டம் பார்த்து விதைங்கம்மா, பச்சைக் குப்பையைச் செடிக்குப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழியை நாங்கள் தேர்வுக்கு எழுதியிருக்கிறோம். அன்றுதான் அதன் பொருள் விளங்கியது. ஆடியில் மீண்டும் தொடங்கினோம். அதன்பின் நாங்கள் கற்றவை இவை:

1. கீரை முதலில். முளைக்கீரையும் சிறுகீரையும் ஏறத்தாழ 25 நாளில் பறிக்கலாம். நான்கு பாத்தி கட்டி வாரத்திற்கு ஒன்றாக விதைத்தால், ஒரு மாதத்திற்குப் பின் வாரந்தோறும் கீரை கிடைக்கும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளினால் மீண்டும் தழைக்கும்.

2. அடுத்து வெண்டை. விதைத்து 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிவிடும்.

3. அவரை, புடலை, பீர்க்கன் ஆகியவற்றைச் சுவரோரம் நட்டுக் கயிறு கட்டி ஏற்றினால் இடம் அடைபடாது.

4. கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் இருப்பது நலம். குளித்த தண்ணீர் போகும் வழியில் வாழை வைக்கலாம்.

5. உரத்திற்கு, துளையிட்ட பழைய வாளியில் சமையற் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு என அடுக்கி, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் கறுத்து, உதிர்ந்து, மண்வாசனை வரும். அப்போதுதான் அது உரம்.

6. அவரைக் கொடியில் அசுவினி கண்டால் சாம்பல் தூவலாம். மற்றப் பூச்சிகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

7. நாட்டு விதையாக இருந்தால், நல்ல செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றிக் காயவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வைத்துக்கொள்ளலாம். ஒட்டு வீரிய விதையில் இது பலிக்காது.

வண்ணத் தொட்டியும் விலையுயர்ந்த கருவியும் வாங்கித் தோட்டம் போடுவது சிக்கனமாகாது. ஓட்டை வாளி, எண்ணெய் டின், சிமெண்டுச் சாக்கு எதுவும் போதும். மாடியில் வைப்பதானால் செங்கல்மேல் வைத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டம் முழுக் குடும்பத்திற்கும் சோறு போடாது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடையில்தான் வாங்க வேண்டும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் காய்ச் செலவைக் குறைக்கும். அதைவிட, நஞ்சில்லாத கீரையைத் தட்டில் வைக்கும்.

யாருடைய தட்டில் குறைகிறது?

இவ்வளவும் எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் இல்லை. நம் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை லேத் பட்டறையில் வேலை செய்பவர். ஒரு சமயம் வேலை வாரத்திற்கு நான்கு நாளாகக் குறைந்தது. தோழி கணக்கேடு தொடங்கினாள். இரண்டாம் மாதம் அரிசிச் செலவு குறைந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, வகுப்பில் எங்களிடம் காட்டினாள். "வீட்டில் ஆள் குறையவில்லையே, அரிசி எப்படிக் குறைந்தது?" என்று எங்கள் ஆசிரியை கேட்டார். அவளுக்கு விடை தெரியவில்லை.

அன்றிரவு அவள் தூங்காமல் விழித்திருந்து பார்த்தாள். எல்லாரும் உண்டபின் அம்மா பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள்.

"ஏம்மா, நீ சாப்பிடலையா?"

"எனக்குப் பசிக்கலடி. நீ தூங்கு."

மறுநாள் இதைச் சொல்லும்போது தோழி அழுதாள். நாங்களும் அழுதோம். ஏனெனில், "எனக்குப் பசிக்கல" என்ற அந்தச் சொல்லை எங்களில் பலர் எங்கள் வீட்டிலும் கேட்டிருந்தோம், கேட்டும் நம்பியிருந்தோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை உள்ளது. இதற்குக் காரணங்கள் பல. கடைசியில் உண்பதும், மிஞ்சியதை மட்டும் உண்பதும் அவற்றுள் சேரும்.

ஆகவே எங்கள் கணக்கேட்டில் ஒரு விதி சேர்த்தோம். உணவுச் செலவு குறைந்தால், எப்படிக் குறைந்தது என்று எதிரே எழுத வேண்டும். தோட்டத்துக் கீரையால் குறைந்தால் சரி. வீணாவதை நிறுத்தியதால் குறைந்தால் மிகவும் சரி. ஒருவர் உண்ணாததால் குறைந்தால் அது சிக்கனமன்று, கடன். பின்னாளில் மருந்துக் கடையில் வட்டியோடு கட்ட வேண்டியது. அந்தத் தோழியின் வீட்டில் இப்போது இரவில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். முதலில் அம்மாவின் தட்டில் சோறு விழுகிறது. அவ்வீட்டுத் தந்தையே இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தார் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

மிச்சம் எங்கே போகும்?

மிச்சப்படுத்திய பணம் டப்பாவிலேயே இருந்தால் எப்படியும் செலவாகிவிடும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயில் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். ஐந்து ஆண்டில் நாம் கட்டியது மட்டுமே 6,000 ரூபாய், வட்டி தனி. பத்து வயதிற்குட்பட்ட தங்கையர் இருந்தால், 2015-ஆம் ஆண்டு தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லலாம். 1924-ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் கூடிய பன்னாட்டுச் சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் பிறந்த உலகச் சிக்கன நாளை நம் நாட்டில் அக்டோபர் 30-ஆம் நாள் கொண்டாடுகிறோம். அந்நாளில் கட்டுரைப் போட்டியில் பரிசு பெறுவதோடு நில்லாமல், ஒரு கணக்கையும் தொடங்குவது நல்லது.

முடிவாக

தோழியரே! அண்ணன் படித்த புத்தகத்தை வாங்கிப் படிப்பதும், அக்காவின் சீருடையை மடிப்புப் பிரித்து அணிவதும், துணிப்பையோடு கடைக்குப் போவதும் வெட்கப்பட வேண்டியவை அல்ல. பெற்றோரின் வியர்வையை மதிக்கத் தெரிந்த பிள்ளையின் அடையாளங்கள் அவை. இந்த விடுமுறையில் ஒரு கணக்கேடும் ஒரு கீரைப் பாத்தியும் தொடங்குவோம். மாத முடிவில் கணக்கைக் கூட்டுமுன், அம்மா சாப்பிட்டாரா என்று கேட்போம். சிறு துளி பெரு வெள்ளம். நம் சிக்கனம் நம் வீட்டில் எல்லாருடைய தட்டையும் நிறைப்பதாக!