மொபைல் ஸ்டார்ட்டருக்குள் ஒரு 'சக்தி'

காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் புதிதல்ல. வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டுவதைப் பார்த்து வளர்கிறவர்கள். "அந்தப் பொட்டிக்குள்ள கணக்குப் போடறது எதுங்க சார்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். செயலி பற்றிய பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

ஒவ்வொரு செயலிக்கும் ஒரு கட்டளைத் தொகுப்பு உண்டு. பல தொகுப்புகள் தனியார் சொத்து. சிப் செய்பவர் உரிமத்தொகை கட்ட வேண்டும். 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' தொகுப்புக்கு அது கிடையாது. அதை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கியதே 'சக்தி'. வடிவமைப்பையே பொதுவில் வைத்துவிட்டார்கள். யாரும் படிக்கலாம், மாற்றலாம். அதன் இ-வகை, உணரிகள் போன்ற சிறு கருவிகளுக்கானது. சி-வகையில் லினக்ஸே ஓடும்.

வடிவமைப்பு இலவசம் என்றால் சிப்பும் இலவசம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். பலகாரக் குறிப்பு கையில் இருந்தாலும் அடுப்பு வேண்டுமல்லவா! 2018இல் சக்தி சிப் ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும் (22 நானோமீட்டர்), இன்னொன்று சண்டிகரை அடுத்த மொகாலியிலும் (180 நானோமீட்டர்) தயாரானது. இந்த இரு எண்களை ஒப்பிடச் சொன்னாலே நல்ல விவாதம் கிடைக்கும்.

சி-வகையில் ஒரு கட்டளை ஐந்து படிகளைக் கடக்கும். ஐந்து மாணவரை வரிசையாக நிறுத்தினேன்: சீட்டை எடுப்பவர், பொருள் சொல்பவர், கணக்கிடுபவர், நினைவகம் பார்ப்பவர், விடை எழுதுபவர். கைதட்டலுக்கு ஒரு படி. ஆறு சீட்டுகளை ஒன்று முடிந்தபின் மற்றொன்றாக விட்டால் 30 தட்டல். இடைவெளியின்றி விட்டால் 10. காரணத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்த சுற்றில் மூன்றாம் சீட்டில், "மண் ஈரம் 30க்கு மேல் என்றால் ஆறாம் சீட்டுக்குப் போ" என்று எழுதினேன். கணக்கிடுபவர் "போ" என்றபோது நான்காம், ஐந்தாம் சீட்டுகள் முதலிருவர் கையில்! இரண்டையும் கிழித்துப் போட்டார்கள். உண்மையான செயலியும் இப்படித்தான் சில நேரம் எடுத்த கட்டளையைத் தள்ளிவிடுகிறது. இந்த இடத்துக்கு மட்டும் அரைப் பாடவேளை ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால் வெறும் விளையாட்டாகிவிடும்.

செய்து பார்க்க விரும்பும் பள்ளிகள், ரிஸ்க்-ஃபைவ் செயலி உள்ள 'இஎஸ்பி32-சி3' பலகையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். மண் ஈர உணரி ஒன்றை இணைத்தால் போதும். மோட்டாருக்குப் பதில் எல்இடி விளக்கை எரிய விடுங்கள்; மும்முனை மின்சாரம் வகுப்பறைக்கு வேண்டாம்.